யாரும் ‘இல்லை’ என்று சொல்லாத ஊரில் வீடு தேடுவது

1958இல் அமெரிக்காவில் காலப் (Gallup) நிறுவனத்தின் கருத்துக் கணிப்பில், கறுப்பினத்தவரும் வெள்ளையரும் திருமணம் செய்துகொள்வதை ஏற்கிறீர்களா என்று கேட்டார்கள். ஏற்கிறோம் என்றவர்கள் 4%. அதே கேள்விக்கு 2021இல் 94% பேர் ஏற்கிறோம் என்றார்கள். ஒரு சமூகம் அறுபது ஆண்டுகளில் இவ்வளவு தூரம் வருவது சாதாரணம் இல்லை. அதற்காக அடிபட்டவர்கள், சிறை சென்றவர்கள், உயிர்விட்டவர்கள் ஏராளம்.

சொந்த வீட்டுக் கணக்கு மட்டும் அப்படி நகரவே இல்லை. 1960இல் சொந்த வீடு உள்ள வெள்ளைக் குடும்பங்களின் விகிதத்துக்கும் கறுப்பினக் குடும்பங்களின் விகிதத்துக்கும் நடுவே சுமார் 27 புள்ளி இடைவெளி இருந்தது. இன்றும் அது 28, 30 என்ற அளவிலேயே நிற்கிறது. மனம் மாறியது உண்மை, வீடு மாறாததும் உண்மை. இரண்டும் சேர்ந்தே எப்படி நடக்கின்றன என்று புரிந்துகொள்ள, வீடு தேடும்போது என்ன நடக்கிறது என்பதை மிக அருகில் போய்ப் பார்க்க வேண்டும்.

இப்போது யாரும் முகத்துக்கு நேரே ‘உங்களுக்குத் தர மாட்டோம்’ என்பதில்லை. ஏஜென்ட் சிரித்த முகத்தோடு கைகுலுக்குவார், தண்ணீர் பாட்டில் கொடுப்பார், இரண்டு வீடு காட்டுவார். அடுத்து வருபவருக்கு ஐந்து வீடு காட்டுவார். முதலில் வந்தவருக்கு எந்தக் குறையும் தெரியாது. நன்றி சொல்லிவிட்டுத்தான் போவார். இன்றைய பாகுபாட்டை ஒரே ஆள் தனியாகப் பார்த்துக் கண்டுபிடிப்பது அரிது. அடுத்தவருக்கு என்ன சொன்னார்கள் என்பது தெரிய வேண்டும். ஆகவே இதில் கைகொடுப்பவை ஒப்பீடும் எழுத்துப் பதிவும்தான். கோபம் நியாயமானது, ஆனால் அது சான்றாகாது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1930களில் கூட்டாட்சி அரசின் வீட்டுக் கடன் அமைப்பு 200க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் தயாரித்தது. பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று நான்கு நிறம். கறுப்பினத்தவர் வாழ்ந்த தெருக்கள் ஏறக்குறைய எல்லாமே சிவப்பில், அதாவது கடன் கொடுக்க ஆபத்தான இடம் என்ற வகையில் விழுந்தன. 1934இல் தொடங்கிய கூட்டாட்சி வீட்டுக் கடன் காப்பீட்டு நிறுவனம், இனக் கலப்பு வந்தால் சொத்து மதிப்பு விழும் என்று தன் கையேட்டிலேயே எழுதி வைத்தது. போருக்குப் பிந்தைய புறநகர் வீடுகள் அந்தக் காப்பீட்டை நம்பிக் கட்டப்பட்டவை. அதனால் ஒரு தலைமுறை முழுவதும் மலிவான வீட்டுக் கடன் ஒரு பக்கத்துக்கே போனது. ‘கறுப்பினத்தவருக்கு விற்கக்கூடாது’ என்பது போலப் பத்திரத்தில் எழுதும் இனத் தடைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக்கூடாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஏழாம் நாள், 1968 ஏப்ரல் 11 அன்று, வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் நியாய வீட்டுச் சட்டம் கையெழுத்தானது. சட்டம் வந்த நாளில் கதவு திறந்தது என்று வைத்துக்கொண்டாலும், முன்பே வாங்கியவரின் வீடு அதற்குள் மதிப்பு ஏறி, பிள்ளைகளின் படிப்புச் செலவாகவும் அவர்களுடைய வீட்டுக்கு முன்பணமாகவும் மாறத் தொடங்கியிருந்தது. இடைவெளி குறையாமல் நிற்பதற்கு இது பெரிய காரணம். மீதிக் காரணம் இன்றும் நடப்பது. அதை அளக்கும் முறைக்கு ஜோடிச் சோதனை என்று பெயர்.

ஜோடிச் சோதனையில் இரண்டு பேர் தேவை. ஒரே பாலினம், ஏறத்தாழ ஒரே வயது, ஒரே மாதிரி உடை, பேச்சு. இனம் மட்டும் வேறு. இருவருக்கும் ஒரு வாழ்க்கை விவரம் எழுதித் தருவார்கள்: வேலை, ஆண்டு வருமானம், கிரெடிட் ஸ்கோர் (கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டுகிறாரா என்பதைக் காட்டும் மதிப்பெண்), குடும்பத்தில் எத்தனை பேர், எத்தனை படுக்கையறை வேண்டும், எந்தத் தேதிக்குக் குடிவர வேண்டும். பாகுபாட்டுக்கு ஆளாகக்கூடியவருக்கு வருமானத்தைச் சற்றுக் கூடுதலாக வைப்பது வழக்கம். ‘அவருக்கு வசதி போதவில்லை, அதனால் காட்டவில்லை’ என்ற பதிலுக்கு அப்போது இடமில்லாமல் போகும். இருவரும் சில மணி நேர இடைவெளியில் ஒரே ஏஜென்டிடம் போவார்கள். மற்றவர் யார், அவருக்கு என்ன கிடைத்தது என்பது இருவருக்கும் தெரியக்கூடாது. வெளியே வந்ததும் அன்றைக்கே அறிக்கை எழுத வேண்டும்: எத்தனை மணிக்கு உள்ளே போனது, எவ்வளவு நேரம் காக்க வைத்தார்கள், எத்தனை வீடு சொன்னார்கள், எத்தனை காட்டினார்கள், வாடகை, அட்வான்ஸ், கேட்ட ஆவணங்கள். ‘மரியாதையாக நடத்தினார்’ போன்ற கருத்துகளுக்கு அதில் இடமில்லை. ஒப்பிடுவது மூன்றாவது ஆளான ஒருங்கிணைப்பாளரின் வேலை.

இது கெட்டுப்போகும் இடங்கள் உண்டு. முதலில் போனவருக்கும் இரண்டாவது போனவருக்கும் நடுவே வீடு உண்மையிலேயே வாடகைக்குப் போயிருக்கலாம். இரண்டு பேரிடமும் வெவ்வேறு ஊழியர்கள் பேசியிருக்கலாம். ஒருவர் வாயாடியாகவும் மற்றவர் அதிகம் பேசாதவராகவும் இருந்தால், கிடைத்த வித்தியாசம் இனத்தால் வந்ததா சுபாவத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது. சோதனைக்குப் போகிறவர் குறை கண்டுபிடிக்கும் ஆவேசத்தில் கேள்விகளை அடுக்கினாலும் பாழ். ஆகவே ஒரே இடத்தில் மீண்டும் ஒரு முறை, வேறு ஜோடியை வைத்துச் செய்தால்தான் நம்பலாம். இன்னொரு எல்லையும் உண்டு. சோதனைக்காக வங்கிக் கடன் விண்ணப்பத்தில் பொய்த் தகவல் எழுதுவது கூட்டாட்சிக் குற்றம். கடன் தொடர்பான சோதனைகள் விசாரிப்பதோடு நின்றுவிடுவது அதனால்தான். சோதனைக்குப் போனவருக்கு உண்மையில் வீடு தேவையில்லையே, அவர் எப்படி வழக்குப் போடலாம் என்ற கேள்விக்கு 1982லேயே உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது: பொய்த் தகவல் பெற்றவருக்கு வழக்குத் தொடுக்கும் உரிமை உண்டு.

2012இல் கூட்டாட்சி வீட்டுவசதித் துறை 28 பெருநகரப் பகுதிகளில் 8,000க்கும் அதிகமான சோதனைகள் நடத்தியது. வீடு வாங்கப் போன கறுப்பினத்தவருக்கு, அதே தகுதி உள்ள வெள்ளையரைவிட 17.7% குறைவான வீடுகள் காட்டப்பட்டன. ஆசியர்களுக்கு 18.8% குறைவு. தமிழ் வாசகர்கள் இந்த இரண்டாவது எண்ணில் கொஞ்சம் நிற்க வேண்டும். நல்ல சம்பளம், நல்ல கிரெடிட் ஸ்கோர், ஐ.டி. வேலை, நமக்கு ஒன்றும் நடக்காது என்று நினைப்பவர்களுக்கும் சேர்த்தே நடந்தது அது. நேரில் சந்திக்கவே மறுத்தது மிகக் குறைவு. எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினார்கள். எண்ணிக்கையில்தான் குறைத்தார்கள்.

2019இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் நியூஸ்டே நாளிதழ் ரகசியக் கேமராவோடு 86 ஜோடிச் சோதனைகள் நடத்தி வெளியிட்டது. வித்தியாசமாக நடத்தப்பட்டது கறுப்பினத்தவர் 49% சோதனைகளில், ஹிஸ்பானியர் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வம்சாவளியினர்) 39%, ஆசியர் 19%. ஒரு ஏஜென்ட் ஓர் ஊரைப் பற்றி வெள்ளையரிடம், அங்கே நடந்த ரவுடிக் கும்பல் கொலைகளைத் தேடிப் பாருங்கள் என்று எச்சரித்தார். அதே ஊரைப் பற்றிக் கறுப்பினத்தவரிடம், அங்கே இருப்பவர்கள் மிக நல்லவர்கள் என்று புகழ்ந்தார். வேறு சிலர் கறுப்பினத்தவரிடம் கடன் தருவதாக வங்கி தரும் முன் ஒப்புதல் கடிதம் இருந்தால்தான் வீடு காட்டுவோம் என்றார்கள். வெள்ளையரைக் கடிதம் இல்லாமலே அழைத்துப் போனார்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் இயல்பான பேச்சு. கடிதம் கேட்பது வழக்கம்தானே என்று யாரும் தலையாட்டிவிடுவார்கள்.

வேலை தேடும் இடத்திலும் கதை இதேதான். 2004இல் வெளியான ஆய்வில் சிகாகோ, பாஸ்டன் விளம்பரங்களுக்குச் சுமார் 5,000 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். வெள்ளையர் பெயர் போலத் தெரிந்தால் 10 விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு, கறுப்பினத்தவர் பெயராகத் தெரிந்தால் 15க்கு ஒன்று. 1989 முதல் நடந்த இத்தகைய சோதனைகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டு ஆய்வு, கறுப்பினத்தவருக்கு எதிரான வித்தியாசம் 25 ஆண்டுகளில் குறைந்ததாகத் தெரியவில்லை என்றது.

சரி, வீடு தேடும் ஒரு குடும்பம் ஜோடிச் சோதனை அமைப்பை வைத்துக்கொண்டா அலைய முடியும்? முடியாது. ஆனால் அதன் பழக்கங்களில் பாதியைக் கைக்கொள்ளலாம்.

முதலில் கேட்கும் முறை. ‘நல்ல ஏரியாவாகப் பாருங்கள்’, ‘நம்ம ஆட்கள் இருக்கும் இடமா?’ என்று ஏஜென்டிடம் கேட்பதை விட்டுவிடுங்கள். அந்தக் கேள்வியே அவர் உங்களை ஒரு பக்கமாகத் தள்ளிவிட வழி கொடுக்கிறது. விலை வரம்பு, படுக்கையறை எண்ணிக்கை, வேலைக்குப் போகும் தூரம் மட்டும் சொல்லி, அதற்குள் வரும் எல்லா வீடுகளின் பட்டியலையும் மின்னஞ்சலில் கேளுங்கள். பள்ளியின் தரத்தை மாநிலக் கல்வித் துறைத் தரவிலும், குற்றக் கணக்கைக் காவல் துறை வெளியிடும் தரவிலும் நீங்களே பாருங்கள். அந்தப் பட்டியலைப் பொதுத் தளங்களில் வந்திருக்கும் விளம்பரங்களோடு ஒப்பிட்டால், விட்டுப்போனவை எந்தப் பக்கத்து வீடுகள் என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது குறிப்பு. ஒவ்வொரு விசாரிப்புக்கும் நாள், நேரம், முகவரி, வீட்டு எண், பேசியவர் பெயர், அவர் சொன்ன வார்த்தைகள் அப்படியே. விளம்பரத்தைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ‘காலி இல்லை’ என்று வாயால் சொன்னால் அன்றே ஒரு சின்ன மின்னஞ்சல் போதும்: ‘இன்று மூன்று மணிக்குப் பேசினோம், 2பி வீடு போய்விட்டது என்றீர்கள், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா?’ மறுநாள் அதே விளம்பரம் அப்படியே இருந்தால் மறுபடி ஒரு ஸ்கிரீன்ஷாட். தகுதி வரம்புகளையும் எழுத்தில் கேளுங்கள். நியூயார்க் நகரத்தில் மாத வாடகையைப் போல 40 மடங்கு ஆண்டு வருமானம் கேட்பது வழக்கம். அந்த விதி உங்களுக்கு மட்டுமா எல்லோருக்குமா என்பது ஒரு நாள் முக்கியமாகலாம்.

சந்தேகம் வலுத்தால், வேறு இனத்து நண்பர் ஒருவரை ஓரிரு மணி நேரத்துக்குள் அதே வீட்டுக்கு, அதே தேதிக்குப் பேசச் சொல்லலாம். அவர் விசாரித்தால் போதும், பொய் வருமானம் எழுதி விண்ணப்பிக்கக்கூடாது. பேச்சைப் பதிவு செய்வதில் கவனம் தேவை. நியூயார்க்கில் பேசுபவர்களில் ஒருவர் சம்மதம் போதும். கலிஃபோர்னியாவில் ரகசியமான உரையாடலுக்கு எல்லோருடைய சம்மதமும் வேண்டும், இல்லையென்றால் வழக்கு உங்கள் மேல் திரும்பும். சட்டம் தெரியாத மாநிலத்தில் கையால் எழுதி வைப்பதே பத்திரம்.

புகார் என்று வந்தால் கெடு முக்கியம். கூட்டாட்சி வீட்டுவசதித் துறையிடம் 1 ஆண்டுக்குள், கூட்டாட்சி நீதிமன்றத்தில் 2 ஆண்டுக்குள். துறையின் விசாரணை நடக்கும் காலம் இந்த 2 ஆண்டில் சேராது. விசாரணைக்கு 100 நாள் என்பது சட்டம் வைத்த இலக்கு. நடைமுறையில் இழுபறியாகும். துறை முகாந்திரம் இருக்கிறது என்று குற்றச்சாட்டு பதிந்தால், வழக்கை நீதிமன்றத்துக்கு எடுத்துப் போவதா, துறையின் நிர்வாக நீதிபதியிடமே நடத்துவதா என்று முடிவு செய்ய 20 நாள். 2025இல் கூட்டாட்சி அளவில் இந்தப் பிரிவில் ஆள் குறைந்திருப்பதால், மாநில அமைப்புகளையும் பார்ப்பது நல்லது. கலிஃபோர்னியாவில் சிவில் உரிமைத் துறை, நியூயார்க்கில் மனித உரிமைப் பிரிவு. பல பெருநகரங்களில் லாப நோக்கில்லாத நியாய வீட்டு அமைப்புகள் உண்டு. அவர்களிடம் சீக்கிரம் போனால், வீடு இன்னும் காலியாக இருக்கும்போதே முறையான ஜோடிச் சோதனை நடத்த முடியும். ஒரு மாதம் யோசித்துவிட்டுப் போனால் சோதிக்க வீடே இருக்காது. நல்ல புகார்கள் வீணாவது பெரும்பாலும் இந்தத் தாமதத்தால்தான். மற்ற தவறுகள்: ஏஜென்ட் பெயரை மட்டும் எழுதி வீட்டு உரிமையாளரையும் நிர்வாக நிறுவனத்தையும் விட்டுவிடுவது, வேறு வீடு கிடைத்ததும் பழைய குறுஞ்செய்திகளை அழித்துவிடுவது, பட்ட அவமானத்தை நான்கு பக்கம் எழுதி யார் எப்போது என்ன சொன்னார் என்பதை நான்கு வரியில் முடிப்பது.

சின்ன வீடு என்றால் சட்டம் பொருந்தாது என்று சொல்லித் திருப்பி அனுப்புவதும் நடக்கிறது. உரிமையாளர் தானும் குடியிருக்கும், நான்கு அல்லது அதற்குக் குறைவான வீடுகள் கொண்ட கட்டடத்துக்கு 1968 சட்டத்தில் விலக்கு இருப்பது உண்மை. ஆனால் விளம்பரத்துக்கு அந்த விலக்கு இல்லை. இனத்தைப் பொறுத்தவரை 1866ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டம் எந்த விலக்கும் இல்லாமல் நிற்கிறது, தனியாரையும் அது கட்டுப்படுத்தும் என்று 1968இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் சட்டத்தில் இனம் என்பது வம்சாவளியையும் சேர்த்துக்கொள்ளும் என்பது 1987 தீர்ப்புகளின் முடிவு. முன்னாள் அடிமைகளுக்காக எழுதப்பட்ட அந்தச் சட்டம் இன்று நியூஜெர்சியில் வாடகைக்கு வீடு தேடும் மதுரைக்காரருக்கும் துணை நிற்கிறது.

வீடு கிடைத்தபின்னும் ஒப்பீட்டின் தேவை முடிவதில்லை. அப்ரைசல், அதாவது வங்கி ஏற்பாடு செய்யும் மதிப்பீடு, பழைய வரைபடத்தின் நிழல் இன்னும் விழும் இடம். கலிஃபோர்னியாவின் மெரின் சிட்டி, போர்க்காலத்தில் கப்பல் கட்டும் தளத்துக்கு வந்த கறுப்பினத் தொழிலாளர்கள் தங்கிய ஊர். அங்கே ஒரு கறுப்பினத் தம்பதியின் வீட்டை ஒருவர் 9,95,000 டாலர் என்று மதிப்பிட்டார். சில வாரங்களில், குடும்பப் படங்களை எடுத்துவிட்டு வெள்ளை இனத் தோழி ஒருவரை வீட்டுக்காரர் போல நிற்க வைத்தபோது இன்னொரு மதிப்பீட்டாளர் 14,82,500 டாலர் என்றார். வழக்கு 2023இல் சமரசத்தில் முடிந்தது.

மதிப்பீட்டாளர் அண்மையில் விற்ற குறைந்தது மூன்று வீடுகளை எடுத்து, உங்கள் வீட்டோடு ஒப்பிட்டுக் கூட்டிக் கழிக்கிறார். எந்த மூன்று என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் விற்ற ஒரே மாதிரி வீட்டை விட்டுவிட்டு, இந்தப் பக்கத்து வீடுகளையே எடுத்தால் தொகை தானாக இறங்கும். அடுத்த ஓட்டை, வீட்டின் நிலைக்கு அவர் தரும் சி1 முதல் சி6 வரையான மதிப்பெண். புதிதாகச் செய்த சமையலறையைக் கணக்கில் சேர்க்காமல் ஒரு படி இறக்கினாலே பெரிய தொகை போய்விடும்.

அறிக்கையின் நகலை, கடன் கையெழுத்தாவதற்கு 3 வேலை நாளுக்கு முன்பாவது உங்களுக்குத் தர வேண்டும் என்பது சட்டம். கிடைத்ததும் சதுர அடி, படுக்கையறை, குளியலறை எண்ணிக்கை சரியா என்று பாருங்கள். பிழைகள் பெரும்பாலும் அங்கேதான். பிறகு கடந்த 6 முதல் 12 மாதத்துக்குள் விற்று முடிந்த, சுமார் ஒரு மைல் தூரத்துக்குள் இருக்கும், ஏறக்குறைய அதே அளவு வீடுகள் மூன்று முதல் ஐந்து வரை எடுத்துக்கொள்ளுங்கள். விற்பனைக்கு வைத்திருக்கும் விலை செல்லாது, விற்ற விலைதான் கணக்கு. செய்த வேலைகளைத் தேதி, செலவோடு பட்டியலிட்டு, மறுமதிப்பீடு கோரி வங்கிக்கு எழுதுங்கள். மதிப்பீட்டாளரை நேரே கூப்பிட வேண்டாம், அது உங்கள் கோரிக்கையைப் பலவீனமாக்கும். கடன் கையெழுத்தாகும் முன்பே கேட்க வேண்டும். பிள்ளைகளின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றச் சொல்லி யாருக்கும் அறிவுரை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கழற்றியபின் தொகை ஏறினால், இரண்டு அறிக்கைகளையும் சேர்த்துப் புகார் கொடுங்கள் என்றுதான் சொல்வேன்.

நம்மைப் பற்றியும் பேசியாக வேண்டும். 1946க்குப் பிறகும் இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு 100 பேருக்குத்தான் குடியேற இடம் இருந்தது. அந்த ஒதுக்கீட்டை உடைத்த 1965 குடியேற்றச் சட்டம், கறுப்பினத்தவர் தெருவில் நின்று பெற்ற சிவில் உரிமைச் சட்டங்களின் அலையில் வந்தது. அமெரிக்கத் தமிழர்களில் பெரும்பாலோர் அந்தக் கதவு வழியாக வந்தவர்கள். இன்று அவர்களில் பலர் வீட்டு உரிமையாளர்கள். வாட்ஸ்அப் குழுக்களில் ‘இந்தியர்களுக்கு மட்டும்’, ‘தமிழ் ஃபேமிலி மட்டும்’ என்று வாடகை விளம்பரம் போடுகிறார்கள். தான் குடியிருக்கும் வீட்டில் ஓர் அறையைப் பகிர்ந்துகொள்ள ஆள் தேடுவதை நீதிமன்றங்கள் வேறு விதமாகப் பார்ப்பதுண்டு. தனி வீட்டுக்கோ அபார்ட்மென்டுக்கோ அப்படி எழுதினால் அது நேரடியாகச் சட்டமீறல், ‘நம்ம குழுதானே’ என்பது காப்பாற்றாது. சாதி கேட்பதும் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. 2023 பிப்ரவரியில் சியாட்டில், சாதிப் பாகுபாட்டைத் தடை செய்த முதல் அமெரிக்க நகரமானது. வெள்ளை ஏஜென்ட் நமக்கு ஒரு வீட்டை மறைத்தால் கொதிக்கும் நாம், கறுப்பினக் குடும்பத்திடம் ‘நேற்றே போய்விட்டது’ என்று சொன்னால், அந்த 17.7 சதவீதத்தில் நம் பங்கும் இருக்கிறது.

வாடகைக்கு விடுபவர் செய்ய வேண்டியது கடினமில்லை. விளம்பரத்தில் வீட்டைப் பற்றி மட்டும் எழுதுங்கள், வரப்போகிறவரைப் பற்றி எழுத வேண்டாம். வருமான வரம்பு, கிரெடிட் ஸ்கோர், அட்வான்ஸ், முந்தைய உரிமையாளரின் கடிதம் ஆகியவற்றை முதல் அழைப்பு வருமுன்னே ஒரு தாளில் எழுதி, கேட்பவர் எல்லோருக்கும் அதையே அனுப்புங்கள். விண்ணப்பம் வந்த நாளையும் நேரத்தையும் குறித்து, தகுதியுள்ள முதல் ஆளுக்குக் கொடுங்கள். மறுத்தவருக்குக் காரணத்தை எழுத்தில் தந்து அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். கிரெடிட் அறிக்கையைப் பார்த்து மறுத்திருந்தால் எந்த நிறுவனத்தின் அறிக்கை என்று அவருக்குத் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம். இந்தத் தாள்களைக் குறைந்தது 2 ஆண்டுகள், நியூயார்க் மாநிலத்தில் என்றால் 3 ஆண்டுகள், பத்திரமாக வைத்திருங்கள். அங்கே மாநில அமைப்பிடம் புகார் செய்யும் கெடு இப்போது 3 ஆண்டு.